ஒரு தரம்... இரண்டு தரம்... – 9: துண்டுக்கு அடியில்

சென்ற வாரம்: 2008 பிப்ரவரி 20. மும்பையில் ஐபிஎல்லின் முதல் வீரர் ஏலம். எட்டு அணிகளில் மும்பைதான் அதிக விலைக்குப் போயிருந்தது. ரிலையன்ஸ் அதற்குக் கொடுத்தது 11.19 கோடி டாலர். அப்படியிருந்தும் தோனியின் பெயர் வந்தபோது மும்பை பாதியிலேயே பலகையைக் கீழே வைத்துவிட்டது. ஓர் அணி வீரர்களுக்குச் செலவழிக்கும் தொகைக்கு உச்சம் 50 லட்சம் டாலர். அதோடு, ஏலமின்றி ‘ஐகான்’ வீரராக ஒதுக்கப்பட்ட டெண்டுல்கருக்கு அணியின் விலை உயர்ந்த வீரரைவிட 15 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். தோனி 15 லட்சம் என்றால் டெண்டுல்கர் 17.25 லட்சம். இருவரை வாங்கியதுமே பை பாதிக்கு மேல் காலி. ஐகான் இல்லாத சென்னை தோனியைக் கொண்டுபோனது. லட்சுமண் தன் ஐகான் தகுதியையே விட்டுக்கொடுத்த ஐதராபாத், சைமண்ட்ஸை 13.5 லட்சத்துக்கு வாங்கியும் 14 ஆட்டங்களில் இரண்டை மட்டும் வென்று கடைசி இடத்தில் நின்றது. மறு வருடமே கோப்பையை வென்றது. 2009 இறுதிப் போட்டியில் அது வீழ்த்திய பெங்களூரு, முந்தைய ஆண்டு கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்த அணி. வரம்பு வைத்தால் கடைசியில் நிற்பவனும் முதலிடத்துக்கு வரலாம் என்று எல்லோரும் நம்பிய காலம் அது.

இனி...

சித்தூரிலிருந்து வேலூர் போய்ச் சற்று விலகினால் பொய்கை. செவ்வாய்க்கிழமை விடியுமுன் அங்கே மாட்டுச் சந்தை கூடிவிடும். எங்கள் பக்கத்து விவசாயிகளும் மாடு பிடிக்க அங்கே போவதுண்டு. அங்கே விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையின் மேல் போடுவார். வாங்குபவர் துண்டுக்கு அடியில் கையை விடுவார். உள்ளே விரல்கள் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டைச் சேர்த்து அழுத்தினால் வேறு தொகை. பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு முகங்கள்தான் தெரியும். முகத்தில் ஒன்றும் தெரியக்கூடாது என்பதுதான் தரகனின் தொழில்.

மதனபள்ளி தக்காளி மார்க்கெட்டில் முறை வேறு. கூடைகளுக்கு முன்னால் நின்று ஏலக்காரர் தெலுங்கில் கூவுவார்: “ஒகடோ சாரி... ரெண்டோ சாரி...” விலை எல்லோர் காதிலும் விழும். தோற்றவனுக்கும் எவ்வளவில் தோற்றோம் என்று தெரியும்.

ஐபிஎல் இரண்டாவது வகை ஏலம் என்றே நாம் நினைத்திருந்தோம். பலகை, சுத்தியல், கேமரா, நேரடி ஒளிபரப்பு. எல்லாம் வெளிச்சத்தில். ஆனால் அந்த மேடையின் ஓர் ஓரத்தில் ஒரு துண்டும் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

*

2012 பிப்ரவரி 4, பெங்களூரு.

ஏலக்காரர் ரிச்சர்ட் மேட்லி அடுத்த பெயரைப் படித்தார்: ரவீந்திர ஜடேஜா. அடிப்படை விலை ஒரு லட்சம் டாலர்.

ஜடேஜா எப்படி அந்த மேடைக்கு வந்தார் என்பதே தனிக்கதை. 2008-ல் ராஜஸ்தான் அணியில் சேர்ந்த பத்தொன்பது வயதுப் பையன். ஷேன் வார்ன் அவருக்கு ‘ராக்ஸ்டார்’ என்று பெயர் வைத்தார். 6.7 கோடி டாலருக்கு விலைபோன அணி ராஜஸ்தான். எட்டில் அதுதான் மலிவு. ஆனால் அந்த அணிதான் முதல் கோப்பையைத் தூக்கியது. 2010-ல் ஜடேஜாவுக்கு ஓராண்டுத் தடை. ராஜஸ்தானோடு கணக்குத் தீராமல் இன்னோர் அணியுடன் சம்பளம் பேசினார் என்பது குற்றச்சாட்டு. சந்தை விலையைத் தானே விசாரித்ததற்குக் கிடைத்த தண்டனை.

2011-ல் கொச்சி என்றொரு புது அணி அவரை 9.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. அணியை வாங்க அதன் முதலாளிகள் ஒப்புக்கொண்ட தொகை 33 கோடி டாலருக்கு மேல். ஆனால் இந்திய கிரிக்கெட் வாரியம் கேட்ட வங்கி உத்தரவாதத்தை அவர்களால் கொடுக்க முடியவில்லை. ஒரே சீசன். 2011 செப்டம்பரில் கொச்சி அணி நீக்கப்பட்டது. வீரர்கள் திரும்பவும் சந்தைக்கு வந்தார்கள்.

ஆக, முதலாளியிடம் பணம் இல்லாமல் ஓர் அணி செத்ததால்தான் ஜடேஜா அன்று ஏலத்துக்கு வந்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய ஏலத்தில் ஓர் அணி செலவழிக்கக்கூடிய உச்சம் 20 லட்சம் டாலர். மற்ற அணிகள் ஒவ்வொன்றாக ஒதுங்க, கடைசியில் இரண்டு பலகைகள் மட்டும் நின்றன. ஒன்று சென்னை. இன்னொன்று ஐதராபாத்தின் டெக்கான் சார்ஜர்ஸ்.

பதினைந்து லட்சம். பதினெட்டு. இருபது.

இரண்டு பலகையும் இறங்கவில்லை. அதற்கு மேல் கேட்க விதியில் இடமில்லை. சாதாரண மண்டியாக இருந்தால் என்ன செய்வார்கள்? சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். அல்லது முதலில் கேட்டவனுக்குக் கொடுப்பார்கள். ஐபிஎல்லின் விதிப்புத்தகம் வேறொன்றைச் சொன்னது.

இரு அணிகளும் ஆளுக்கொரு தாளில் ஒரு தொகையை எழுதி மூடித் தர வேண்டும். பெரிய எண் எழுதியவருக்கு வீரர். அந்த எண்ணுக்கு உச்சவரம்பு இல்லை. அந்தப் பணம் அணியின் செலவு வரம்புக் கணக்கில் சேராது. வீரருக்கும் போகாது. வெளியே சொல்லவும் மாட்டார்கள்.

அரங்கத்தில் துண்டு விழுந்தது.

*

டெக்கான் சார்ஜர்ஸுக்கு இது புதிதல்ல. 2010 ஏலத்தில் உச்சம் ஏழரை லட்சம் டாலர். நியூசிலாந்து வேகப்பந்து வீச்சாளர் ஷேன் பாண்டுக்கு டெக்கானும் கொல்கத்தாவும் அந்த உச்சத்தைத் தொட்டன. உறை பிரிந்தது, பாண்ட் கொல்கத்தாவுக்கு. அதே நாளில் கீரன் பொல்லார்டுக்கும் உறைதான், மும்பை கொண்டுபோனது. 2008-ல் வெளிச்சத்தில் பலகையைக் கீழே வைத்த மும்பைக்கு, 2010-ல் துண்டுக்கு அடியில் கையை நீட்டத் தடையில்லை.

இந்தத் தந்திரம் ஐபிஎல் கண்டுபிடித்ததும் அல்ல. பேஸ்பால் முதலாளிகளுக்கு இது பழைய பாடம்.

அமெரிக்கப் பேஸ்பாலில் வீரர் சம்பளத்துக்கு நம்மைப்போல் கண்டிப்பான உச்சம் கிடையாது. குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால் அணி வரி கட்டினால் போதும். ‘சொகுசு வரி’ என்று பெயர். வரியையும் சேர்த்துக் கட்ட வசதியுள்ளவன் தாண்டிக்கொண்டே போவான். 2002-ல் நியூயார்க் யாங்கீஸின் சம்பளக் கணக்கு 12 கோடி டாலருக்கு மேல்; ஓக்லாந்தின் கணக்கு ஏறக்குறைய 4 கோடி. அந்த ஆண்டு இருவரும் வென்றது ஆளுக்கு 103 ஆட்டங்கள். பணமில்லாதவன் புத்தியால் ஈடுகட்டலாம் என்பதற்கு இன்றைக்கும் சொல்லும் உதாரணம் அது. ஆனால் நம் கதைக்கு வேண்டிய பேஸ்பால் சம்பவம் அதற்கு நான்கு வருடம் கழித்து நடந்தது.

2006 நவம்பர். ஜப்பானின் செய்பு லயன்ஸ் அணி தன் நட்சத்திரப் பந்துவீச்சாளர் டைசுகே மட்சுசாகாவை அமெரிக்காவுக்கு விடச் சம்மதித்தது. அவரோடு பேச்சு நடத்தும் உரிமைக்கு மட்டும் மூடிய உறையில் விலை கேட்டார்கள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் எழுதிய எண்: 5,11,11,111 டாலர், 11 சென்ட். ஒன்றுகளை வரிசையாக அடுக்கியதுபோல் ஒரு தொகை. பிறகு வீரருக்கு ஆறு ஆண்டுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது 5.2 கோடி. அதாவது, ஆடுபவன் ஆறு வருடம் கைவலிக்கப் பந்து வீசிப் பெறுவதும், உறைக்குள் போனதும் கிட்டத்தட்ட ஒரே அளவு.

அந்த உறைப் பணத்தில் மட்சுசாகாவுக்கு ஒரு சென்ட் கூட இல்லை. அதைவிட முக்கியம், சொகுசு வரிக் கணக்கிலும் அது சேரவில்லை. சம்பளத்துக்கு எல்லை போட்டால் பணம் சம்பளம் என்ற பெயரை விட்டுவிட்டு வேறு பெயரில் நுழையும். மறு ஆண்டு பாஸ்டன் உலகத் தொடரை வென்றது. பின்னால் 2013-ல் ஜப்பானும் அமெரிக்காவும் சேர்ந்து அந்த உறைக்கு 2 கோடி டாலர் உச்சம் வைத்தன.

பொய்கைத் துண்டுக்கும் இந்த உறைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. துண்டுக்கு அடியில் பேசிய விலை மாட்டுக்காரன் மடிக்குத்தான் போகும். பாஸ்டன் உறையிலிருந்த பணம் வீரரை வளர்த்த அணிக்காவது போயிற்று. பெங்களூரு உறையிலிருந்த பணம் யாருக்குப் போகும்?

வாரியத்துக்கு.

*

இங்கே சற்று நிற்க வேண்டும். நம் வீட்டுச் சுவர் வரைக்கும் வருகிற விஷயம் இது.

சென்னை அணியின் அன்றைய முதலாளி இந்தியா சிமெண்ட்ஸ். கடப்பா மாவட்டம் சிலம்கூரிலும் எர்ரகுண்ட்லாவிலும் அதன் ஆலைகள். சித்தூர், திருப்பதிப் பக்கம் எத்தனையோ வீடுகளில் ‘கோரமண்டல்’ மூட்டை இறங்கியிருக்கும். நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த என். சீனிவாசன், 2008 ஜனவரியில் அணிகள் விற்கப்பட்டபோது கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளர். வாரியத்தின் நிர்வாகிகள் வாரியம் நடத்தும் போட்டியில் வணிக ஆதாயம் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு விதி இருந்தது. 2008 செப்டம்பரில் அந்த விதி திருத்தப்பட்டது, ஐபிஎல்லுக்கு விலக்கு. 2011 செப்டம்பரில் அவர் வாரியத்தின் தலைவரே ஆனார்.

ஆக 2012 பிப்ரவரியில் உறையை நீட்டிய ஒரு கை, வாரியத் தலைவரின் நிறுவனத்துடையது. உறையிலுள்ள பணத்தை வாங்கிக்கொள்ளும் பெட்டி, வாரியத்துடையது. அன்றைய விதிப்படி இதில் தவறில்லை. விதிதான் தவறு என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜனவரி 22 அன்று சொல்லி, 2008 திருத்தத்தை ரத்து செய்தது. அது வேறு அத்தியாயம். இதே சீனிவாசன் 2019-ல் திருமலை திருப்பதி தேவஸ்தான அறங்காவலர் குழுவில் உறுப்பினரானதும், 2023 கோப்பை சென்னை தி.நகரிலுள்ள தேவஸ்தானக் கோயிலுக்கு நேரே போனதும் அதற்கும் பிந்தைய கதை.

பெங்களூரு மேடைக்குத் திரும்புவோம். உறைகள் பிரிக்கப்பட்டன. பெரிய எண் சென்னையுடையது. ஜடேஜா மஞ்சள் சட்டைக்கு. பெயருக்கு நேராக எழுதப்பட்ட விலை 20 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் பத்துக் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. உறைக்குள்ளிருந்த எண்ணை வாரியம் வெளியிடவில்லை.

எல்லோரும் சென்னை என்ன எழுதியது என்றே கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு.

டெக்கான் எழுதிய எண்ணைக் கொடுக்க டெக்கானிடம் பணம் இருந்ததா?

*

திருமலையில் பக்தர்கள் காணிக்கையாகக் கொடுக்கும் தலைமுடியைத் தேவஸ்தானம் மின்-ஏலத்தில் விற்கிறது. அந்த மாதிரி ஏலங்களில் முன்பணம் கட்டியவன்தான் விலையே கேட்க முடியும். வாய்ப்பந்தல் போடுபவனுக்கு வாசலிலேயே வேலையில்லை.

ஐபிஎல் ஏலத்தில் ‘பர்ஸ்’ என்கிறார்களே, அது பணப்பை அல்ல. அதில் காசு கிடையாது. இவ்வளவு வரை செலவழிக்கலாம் என்ற அனுமதிதான் அது. எல்லா அணிக்கும் சம அளவு அனுமதி. அதனால் ஆட்டம் சமம் என்று நினைத்தோம். வரம்பு பணக்காரனின் கையைக் கட்டும். கடன்காரனின் கையில் காசு வைக்காது.

டெக்கான் சார்ஜர்ஸின் முதலாளி டெக்கான் கிரானிக்கிள் ஹோல்டிங்ஸ். 1938-லிருந்து வரும் ஆங்கில நாளிதழின் நிறுவனம். 2008-ல் 10.7 கோடி டாலர் கொடுத்து ஐதராபாத்தை வாங்கியது; எட்டில் மூன்றாவது பெரிய விலை. 2010-ல் தெலங்கானா கிளர்ச்சியால் அந்த அணி சொந்த ஊரில் ஓர் ஆட்டம்கூட ஆட முடியவில்லை. நாக்பூர், கட்டாக், நவி மும்பை என்று அலைந்தது. 2012-ன் நடுவில் நிறுவனத்தின் கடன் விவகாரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. வீரர்களுக்கும் சம்பளம் பாக்கி.

மேல்மட்டத்தில் உறையென்றால் கீழ்மட்டத்தில் வேறு துண்டு. இந்தியாவுக்கு ஆடாத உள்ளூர் வீரர்களுக்கு அப்போது ஏலமே கிடையாது. ரஞ்சி அனுபவத்தைப் பொறுத்து 10, 20, 30 லட்சம் ரூபாய் என்று நிலையான சம்பளம். திருப்பதியிலிருந்து ஒரு பையன் ஆந்திர அணிக்கு ஆடி அங்கே போய்ச் சேர்ந்தாலும் அவ்வளவுதான். 2012 மே மாதம் ஒரு தொலைக்காட்சியின் மறைகேமராவில், வரம்புக்கு மேல் பணம் கைமாறுவதாகவும், அதைவிட மோசமானவையும் பேச்சில் வந்தன. வாரியம் ஐந்து வீரர்களை இடைநீக்கம் செய்தது. உறை எழுதியவர்கள் விதிப்படி நடந்தார்கள். பையன்கள் விதியை மீறினார்கள். இரண்டு இடத்திலும் வரம்புக்கு மேலே பணம் வழி தேடியது என்பது மட்டும் பொது.

*

2012 மே 20, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மாம்பழக் காலம்.

சித்தூரில் கிரிக்கெட் என்றால் ஊர் இரண்டாகப் பிரியும். 1953 வரை நாங்கள் சென்னை மாகாணம். வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. சென்னை 150 கிலோமீட்டர்; ஐதராபாத் அதைப்போல மூன்றரை மடங்குக்கு மேல். அன்று ஒரே மாநிலம் என்பதால் ஐதராபாத்துக்குக் கை தட்டியவர்கள் உண்டு. தொலைவைப் பார்த்துச் சென்னைக்குக் கை தட்டியவர்கள் அதிகம். ஒரே டீக்கடை பெஞ்சில் இரண்டு கட்சி.

அன்று மட்டும் ஒரே கட்சி.

சென்னை தன் ஆட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு 17 புள்ளியோடு காத்திருந்தது. பெங்களூருவுக்கும் 17 புள்ளி. இன்னும் ஓர் ஆட்டம் பாக்கி. அது ஐதராபாத்தில், டெக்கானுடன். பெங்களூரு வென்றால் சென்னை வெளியே. டெக்கான் வென்றால் சென்னை உள்ளே. டெக்கானுக்கு அந்த ஆட்டத்தால் எந்த லாபமும் இல்லை. மேலே போகும் வாய்ப்பு என்றோ போய்விட்டது.

டெக்கான் எடுத்தது 132. அந்தப் பெங்களூருவுக்கு இதெல்லாம் ஒரு இலக்கா என்று பெஞ்சில் பாதிப்பேர் எழுந்துவிட்டார்கள். அப்போது பந்தை வாங்கினார் டேல் ஸ்டெய்ன். நான்கு ஓவர், எட்டு ரன், மூன்று விக்கெட். பெங்களூரு 123-ல் நின்றது. ஒன்பது ரன் வித்தியாசம்.

வரம்பு, உறை, முதலாளி எல்லாவற்றையும் தாண்டி ஆட்டம் ஆட்டமாகவே நடந்த பிற்பகல் அது. பிப்ரவரியில் தன்னிடமிருந்து ஜடேஜாவைத் தட்டிப்போன அணியை, மே மாதம் கைகொடுத்து மேலே ஏற்றிவிட்டது டெக்கான். சென்னை அங்கிருந்து இறுதிப் போட்டி வரை போய், மே 27 அன்று சேப்பாக்கத்தில் கொல்கத்தாவிடம் தோற்றது.

சித்தூர் டீக்கடையில் யாருக்கும் அன்று தெரியாத ஒன்று உண்டு. ஸ்டெய்ன் வீசியது டெக்கான் சார்ஜர்ஸின் கடைசி ஆட்டத்தில். அந்தப் பெயரில் ஓர் அணி அதற்குப் பிறகு களம் இறங்கவே இல்லை.

*

ஆகஸ்ட் நடுவில் வாரியத்திடமிருந்து நோட்டீஸ் வந்தது. முப்பது நாளில் பாக்கிகளைத் தீர். இல்லையென்றால் அணி இல்லை. வீரர்களை ஏலம் கேட்டவர்கள் இப்போது தங்கள் அணியையே ஏலத்துக்கு வைத்தார்கள்.

செப்டம்பர் 13. வந்தது ஒரே ஒரு கேட்பு. சென்னையைச் சேர்ந்த பிவிபி வென்ச்சர்ஸ். தொகை 900 கோடி ரூபாய்.

கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். கெடு முடிய இரண்டே நாள். எதிரில் 900 கோடி. வேறு கேட்பவரும் இல்லை. ஒரு தரம்... இரண்டு தரம்...

டெக்கான் கிரானிக்கிள் சொன்ன பதில்: வேண்டாம்.

பணம் கைக்கு வரும் முறையும் தவணையும் ஒத்துவரவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். கெடுவுக்குள் இன்னொரு வழி பிறக்கும் என்று நம்பினார்களோ என்னவோ. வாரியம் கெடு முடியும்வரை காத்திருக்கவில்லை. மறுநாளே, 14-ம் தேதி, சென்னையில் கூடி அணியை நீக்கியது. அந்த ஒரு நாள் அவசரம் பிற்பாடு நடுவர் மன்றத்தில் 4,800 கோடி ரூபாய்க் கேள்வியாக எழுந்து நின்றது.

அதற்கெல்லாம் முன்பு, அக்டோபர் 25. நீக்கப்பட்ட ஐதராபாத் அணியின் இடத்துக்குப் புது முதலாளி தேட வாரியம் மறுபடியும் மூடிய உறை கேட்டது. இந்தமுறை வீரருக்கு அல்ல, ஓர் அணிக்கே.

மேசைக்கு வந்த உறைகள் இரண்டு. தெலுங்கு மண்ணின் அணிக்காக நீட்டப்பட்ட அந்த இரண்டு உறைகளும் சென்னையிலிருந்து வந்தவை.

ஒன்று, போன மாதம் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்பப்பட்ட அதே பிவிபி. இன்னொன்றைப் பிரித்தபோது...

(ஏலம் தொடரும்)